தாளின் வந்த வாழ்வு: சேலம், நாமக்கல் சமவெளிக் கதைகளில் இல்லக் கொடுமையினின்று மீளும் மகளிர்

1. தோற்றுவாய்

நற்றிணையின் 353ஆம் பாட்டில் கபிலர் ஓர் உவமை அமைக்கின்றார். உயர்ந்த மலைமுகட்டில் தவழும் மெல்லிய மழைமேகத்திற்கு, ஆடவர் துணையற்ற மகளிர் தம் முயற்சியால் நூற்ற நுண்ணிய பஞ்சுநூல் உவமையாகின்றது. உவமை நலம் ஆய்வோர் வண்ணமும் மென்மையும் ஒத்து நிற்றலை எடுத்துக்காட்டி அவ்வளவில் அமைவர். அம்மகளிர் யாவர், அவர் ஏன் நூற்றனர், நூற்ற நூலால் எங்ஙனம் உயிர் வாழ்ந்தனர் என்னும் வினாக்களை எழுப்பியோர் சிலரே. முயற்சி என்னும் பொருளில் கபிலர் ஆண்ட சொல் ‘தாள்’ என்பதாகும். அம்மகளிரை இரங்கத்தக்கவராகக் காட்டுதல் அவர்க்கு எளிது. அவர் அங்ஙனம் செய்திலர். துணையின்மையை அவர்தம் நிலையாகவும், தாளை அவர்தம் இயல்பாகவும் கூறி, அவர்தம் கைத்தொழிலை மழைக்கு ஒப்பாக்கினார்.

புறநானூற்று 326ஆம் பாட்டிலும் பருத்தித் தொழில் செய்யும் பெண் ஒருத்தி வருகின்றாள். பஞ்சின் குப்பையைப் புடைத்து நீக்க அவள் இரவில் எழுந்து சிறு விளக்கு ஏற்றுகின்றாள். காட்டுப் பூனைக்கு அஞ்சிக் கதறிய பேடைக் கோழி, அவ்விளக்கொளியில் தன் சேவலைக் கண்டு அச்சம் தணிகின்றது. பிறர் துயில்கின்ற பொழுதில் தொழில் செய்கின்றவளின் விளக்கே ஓர் எளிய உயிரின் அச்சத்தைத் தீர்க்கின்றது என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

இவ்விரு பாட்டுக்களையும் முதற்கண் வைத்ததற்குக் காரணம் உண்டு. இல்லத்தில் அடியும் இழிவும் பட்ட பெண், அக்கொடுமையினின்று நீங்கித் தன் கையால் உழைத்து வாழத் தொடங்குதலைத் தமிழ்ப் புனைகதைகள் எங்ஙனம் கண்டன என்பதே இக்கட்டுரையின் ஆராய்ச்சிப் பொருள். அதற்குக் களமாகச் சேலம், நாமக்கல் சமவெளி கொள்ளப்பட்டது. பருத்தியும் நூலும் தறியும் இந்நிலத்தில் இன்றளவும் அறுபடாமல் வருவன. அன்றியும், இத்துறையில் கருதத்தக்க எழுத்தாளர் மூவர் இந்நிலத்தோடு தொடர்புடையவர். இராசாசியும் கல்கியும் இங்கு வாழ்ந்து பணியாற்றினர். பெருமாள்முருகன் இம்மண்ணிலேயே பிறந்தவர். இம்மூவரின் கதைகளையும் வரிசைப்படுத்திக் காணின், நம் இலக்கியம் நெடுங்காலம் காணத் தவறியது எது, பின்னர்க் கண்டது எது என்பன விளங்கும்.

2. புதுப்பாளையமும் ‘விமோசன’மும்

பழைய சேலம் மாவட்டம் மிகப் பரந்தது. 1965இல் தருமபுரியும் 1997இல் நாமக்கல்லும் அதனின்று பிரிந்து தனி மாவட்டங்கள் ஆயின. அப்பழைய மாவட்டத்தில், திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில், இராசாசி 1925இல் காந்தி ஆசிரமத்தை நிறுவினார். வானம் பார்த்த காடுகள் மிகுந்த நிலம் அது. மழை பொய்த்தால் உழவுக் கூலியும் பொய்க்கும். அத்தகைய ஊர்களின் பெண்டிர் இராட்டையில் நூற்ற நூலைக் கொணர்ந்து கொடுத்துக் கூலி பெற்றுச் சென்றனர். அக்கூலி மிகச் சிறிது; அதன் சிறுமையை உணர்ந்தே அகில இந்திய நூற்போர் சங்கம் 1935இல் நூற்புக் கூலியை உயர்த்த முடிவு செய்தது. ஆயினும் அதன்கண் ஒரு சிறப்பு இருந்தது. நூற்றவள் யாரோ அவளே கூலியைப் பெற்றாள். இராட்டை எடை குறைந்தது. கணவன் வீட்டினின்று தாய்வீட்டிற்குச் சென்றாலும் உடன் எடுத்துச் செல்லத்தக்கது.

அவ்வாசிரமத்தினின்றே 1929இல் ‘விமோசனம்’ என்னும் இதழ் வெளிவந்தது. இராசாசி ஆசிரியர், கல்கி துணை நின்றார். குடியின் கேட்டை எடுத்துரைத்தலே இதழின் நோக்கம். பின்னர் இராசாசி சென்னை மாகாண முதலமைச்சர் ஆனபொழுது, மதுவிலக்கு முதன்முதல் 1937 அக்டோபர் 1ஆம் நாள் சேலம் மாவட்டத்திலேயே நடைமுறைக்கு வந்தது. எழுத்து சட்டமாக மாறிய வரலாறு தமிழகத்தில் இத்துணைத் தெளிவாக வேறெங்கும் காணல் அரிது.

குடிவிலக்குக் கதைகளின் போக்கினை நோக்குவோம். அவற்றுள் பெண்ணுக்கு உரிய இடம் சான்று கூறுபவளின் இடம். அவளுடைய கண்ணீர் கள்ளுக்கு எதிரான வாதம். அவள் உடலின் தழும்பு கடையை மூடுதற்குரிய காரணம். இராசாசியின் ‘திக்கற்ற பார்வதி’ இவ்வகையில் தலைசிறந்தது. கணவன் குடியில் வீழ, குடும்பம் கடனில் வீழ, வழக்கு நீதிமன்றம் வரை செல்ல, பார்வதி திக்கற்றுப் போகின்றாள். 1974இல் இது திரைப்படமாகவும் வந்தது. கதையின் உண்மையும் இரக்கமும் ஐயத்திற்கு இடமற்றவை. எனினும் தலைப்பே தீர்ப்பாக அமைந்துவிடுதலைக் காண்கின்றோம். கதையின் எடை முழுதும் அவள் அவலத்தின்மேல் விழுகின்றதேயன்றி அவள் கையின் ஆற்றல்மேல் விழவில்லை.

ஈண்டு ஒரு முரண் தோன்றுகின்றது. ஆசிரமத்தின் ஒரு முற்றத்தில் பெண்டிர் நூலைக் கொடுத்துக் கூலியை எண்ணி வாங்கினர். மற்றொரு பக்கத்தில், குடிகாரன் மனைவிக்கு வழியே இல்லை என்று கதைகள் எழுதப்பட்டன. முற்றத்தில் நிகழ்ந்தது தாளிற்குள் நுழையவில்லை. நூல் என்னும் சொல் இழையையும் ஏட்டையும் ஒருங்கே குறிப்பது. புதுப்பாளையத்தில் அவ்விரண்டும் அருகருகே இருந்தும் ஒன்றையொன்று அறிந்தில எனலாம்.

இதனால் இராசாசியைக் குறை கூறுதல் நம் கருத்தன்று. நோயின் முதலை நாடியவர் அவர். குடி நின்றால் அடி நிற்கும் என்று நம்பினார், நம்பியதைச் சட்டமாக்கினார். ஆயின் அந்நம்பிக்கையின் அடியில் ஓர் எண்ணம் உறைந்துள்ளது. பெண்ணின் துயர்க்கு மருந்து கணவனின் திருத்தத்திலேயே உள்ளது என்பது அவ்வெண்ணம். அவன் திருந்தாவிடின்? அவன் குடியாமலே அடிப்பவனாயின்? அக்கதைகள் இதற்கு விடை கூறவில்லை.

3. சாவித்திரி பெற்ற செல்வம்

இவ்வினாவிற்கு விடை காண முயன்றவர் கல்கி. ‘தியாக பூமி’ 1938, 1939ஆம் ஆண்டுகளில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது, 1939இல் கே. சுப்பிரமணியம் இயக்கிய படமும் வெளியாயிற்று. கதை நிகழுமிடம் தஞ்சையும் சென்னையும் கல்கத்தாவும் ஆயினும், எழுதியவர் புதுப்பாளையத்தில் இருந்து பணியாற்றியவர் என்பதனால் அஃது ஈண்டு ஆராயத்தக்கதாகின்றது.

சாவித்திரி கணவனாலும் மாமியாராலும் கொடுமைக்கு ஆளாகின்றாள். கருவுற்ற நிலையில் புகலின்றி அலைகின்றாள். பின்னர் உமாராணி என்னும் பெயரோடு பெருஞ் செல்வத்திற்கு உரியவளாய்த் திரும்புகின்றாள். உடன் வாழ வருமாறு கணவன் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்க, அவனோடு வாழ்தற்கு இசையாது, வேண்டுமாயின் தானே அவனுக்குச் சீவனாம்சம் தருவதாகக் கூறுகின்றாள். தமிழ்ப் புனைகதையில் அடிபட்ட மனைவி ஒருத்தி நிமிர்ந்து நின்று பேசிய பேச்சுக்களுள் இதனினும் துணிவுடையதைக் காட்டல் எளிதன்று.

ஆயினும் அத்துணிவின் அடித்தளம் யாது என்று நோக்குதல் வேண்டும். அவளுக்குச் செல்வம் உறவினர் வழி மரபுரிமையாக வருகின்றது. உழைத்து ஈட்டியதன்று. வேலை தேடி ஒரு பெண் படும் பாடு, முதற் கூலி பெறும் நாள், அதனை ஒளித்து வைக்கும் இடம், குழந்தையை யாரிடம் விட்டுச் செல்வது என்னும் கவலை ஆகியவற்றின் இடத்தை ஒரு பெருஞ் செல்வம் வந்து நிரப்பிவிடுகின்றது. பார்வதிக்கு வழியே இல்லை. சாவித்திரிக்கு வழி வானினின்று இறங்குகின்றது. இரண்டிற்கும் இடையே, புதுப்பாளையத்து முற்றத்தில் நின்ற பெண்ணின் வழி எழுதப்படாமலே நின்றது.

முதுகலை வகுப்பில் இப்புதினத்தைப் பாடஞ் சொல்லுங்கால் மாணவர் பெரும்பாலும் எழுப்பும் வினா ஒன்று உண்டு. சாவித்திரி கணவனை மன்னித்திருக்கலாகாதா என்பதே அது. இடைப்பட்ட நாட்களில் அவள் எங்ஙனம் உண்டாள் என்று கேட்பார் அரியர். குறை மாணவர்பால் இல்லை. இத்தகைய பெண்டிரைக் கற்பு என்னும் கோலாலும், அவலம் என்னும் கோலாலும் அளக்கவே நம் திறனாய்வு கற்பித்தது. தாள் என்னும் கோலை நாம் அவர்கள் கையில் கொடுத்திலோம்.

4. பொன்னாவின் இரு முடிவுகள்

இடைப்பட்ட அவ்வழியை எழுதியவர் பெருமாள்முருகன். திருச்செங்கோட்டுப் பகுதியில் பிறந்து, தமிழ்ப் பேராசிரியராகப் பணியாற்றியவர் அவர். ‘மாதொருபாகன்’ (2010) புதினத்தில், குழந்தையற்ற காளியும் பொன்னாவும் ஊராரின் சொல்லால் நாளும் புண்படுகின்றனர். திருச்செங்கோட்டுத் தேர்த் திருவிழாவின் இரவில் பொன்னா உறவினரால் அனுப்பப்படுகின்றாள். காளி அதற்கு உடன்பட்டான் என்றே அவள் நம்புகின்றாள். அவன் உடன்படவில்லை. இக்கதைக்கு ஆசிரியர் 2014இல் இரண்டு தொடர்ச்சிகளை எழுதினார். ‘அர்த்தநாரி’யில் காளி உயிரோடிருக்கின்றான், ‘ஆலவாய’னில் அவன் தன்னுயிரை மாய்த்துக்கொள்கின்றான்.

‘அர்த்தநாரி’யில் காளி பொன்னாவைப் பேச்சின்மையால் தண்டிக்கின்றான். இதனை இல்லக் கொடுமை எனல் தகுமோ என்று ஐயுறுவார் உளர். கை ஓங்கவில்லையே எனின், கொடுமை கையளவில் நிற்பதன்று என்பது விடை. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைப் பாதுகாப்புச் சட்டமும் உடல்வழிக் கொடுமை, பாலியல் கொடுமை, சொல்லாலும் உள்ளத்தைப் புண்படுத்துதலாலும் செய்யும் கொடுமை, பொருள்வழிக் கொடுமை என அதனை நான்காக வகுக்கின்றது. காளியைக் கொடியவன் என்று ஆசிரியர் காட்டவில்லை, அவனும் ஏமாற்றப்பட்டவனே. ஆயினும் தன் குற்றமல்லாத ஒன்றிற்குப் பொன்னா கழுவாய் தேடவேண்டியவளாகின்றாள். தண்டனை தருபவன் அருகில் இருக்கும்வரை அவள் செய்யும் ஒவ்வொரு தொழிலும் அவன் மனம் இளகுவதை எதிர்நோக்கிய தொழிலாகவே நிற்கின்றது.

‘ஆலவாயன்’ இதனின் வேறுபட்டது. காளியின் இறப்பும் பொன்னாவின்மேல் விழுந்த தண்டனையே. இனி மன்னிப்புக் கேட்கவும் ஆளில்லை என்பதால் அது முன்னையதினும் கொடியது. ஆயின் இப்புதினத்தில் பொன்னா அழிந்திலள். அவள் மீள்கின்றாள். அம்மீட்சி அறிவுரையாலோ பெருஞ் செல்வத்தாலோ நிகழ்ந்ததன்று. அது நிகழும் முறையை மூன்றாகப் பகுத்துக் காணலாம்.

முதலாவது, துணை. தாயும் மாமியார் சீராயியும் பொன்னாவைத் தனியே விடுவதில்லை. மாமியார் என்னும் பாத்திரம் தமிழ்க் கதைகளில் பெரும்பாலும் கொடுமையின் கருவி. சாவித்திரியின் மாமியாரை முன்னரே கண்டோம். சீராயியோ மகனை இழந்தும் மருமகளைப் பழிக்காமல் அவளைக் காக்கின்றாள். தானும் துணையின்றி உழைத்து வாழ்ந்தவள் என்பதால் உழைப்பின் மதிப்பையும் தனிமையின் பளுவையும் அறிந்தவள் அவள். அறிந்தவரே அருகிருந்து உதவ வல்லர் என்னும் உண்மையை ஆசிரியர் ஒரு சொல்லாலும் விளக்காமல் நிகழ்ச்சியால் காட்டுகின்றார்.

இரண்டாவது, இடம். காடும் தொண்டுப்பட்டியும் பொன்னாவிற்கு உள்ளன. அவ்விடம் காளியின் நினைவால் நிறைந்தது. அதனால் துயர் தருவது. ஆயினும் அவளை அங்கிருந்து வெளியேற்றுவார் இலர். துயர் தருகின்ற இடமே தொழில் தருகின்ற இடமாகவும் இருத்தலை ஆசிரியர் மறைக்கவில்லை.

மூன்றாவது, அறிந்த தொழில். அவளுக்குப் புதிதாக ஒரு தொழிலை யாரும் கற்பிக்கவில்லை. நிலத்தையும் ஆட்டையும் மாட்டையும் அவள் முன்னரே அறிவாள். மனம் கலங்கிய நிலையிலும் கை தான் கற்றதை மறப்பதில்லை. மண்ணில் தொடங்கிய தொழிலே மெல்ல மனத்தையும் இழுத்து வருகின்றது. மனம் தேறிய பின்னர்த் தொழில் என்பது நூலோர் எண்ணும் முறை. தொழிலின் ஊடே மனம் தேறுதல் இப்புதினம் காட்டும் முறை.

இதனோடு அதே ஆசிரியரின் ‘பூக்குழி’யை (2013) ஒப்பிடின் கருத்து மேலும் தெளிவுறும். சாதி கடந்து மணந்து கணவன் ஊருக்கு வந்த சரோஜாவை அவன் தாயும் ஊராரும் சொல்லாலும் வெறுப்பாலும் வதைக்கின்றனர். கணவன் அன்புடையவன், கொடுமை அவனிடமிருந்து வருவதன்று. ஆயினும் பொன்னாவிற்கு வாய்த்த மூன்றும் சரோஜாவிற்கு இல்லை. அருகில் துணை இல்லை, இடம் பிறருடையது, அவள் அறிந்த தொழில் ஒன்றும் அவ்வூரில் இல்லை. கணவன் வெளியே சென்ற பொழுதெல்லாம் அவள் அடைபட்டுக் கிடக்கின்றாள். அன்பு இருந்தும் அவள் காக்கப்பட்டிலள் என்பது பெரிதும் எண்ணத்தக்கது.

5. கூலி யார் கையில்?

‘ஆலவாய’னைப் போற்றுங்கால் அதன் எல்லையையும் கூறுதல் திறனாய்வின் கடன். பொன்னாவிற்கு நிலம் இருந்தது. வீட்டினின்று துரத்தப்பட்ட பெண்ணுக்கு அது வாய்ப்பதில்லை. அவளுக்கு எஞ்சுவது கூலித்தொழிலே. இன்றைய நாமக்கல் மாவட்டத்தில் அது பெரும்பாலும் விசைத்தறியாகவோ நூற்பாலையாகவோ இருத்தல் கூடும். ஆகவே புதினத்தின் மூன்று கூறுகளோடு நான்காவதாகக் கூலியையும் சேர்த்து எண்ணுதல் இன்றியமையாததாகின்றது.

பள்ளிபாளையம், குமாரபாளையம் பகுதித் தறிப்பட்டறைகளில் முன்பணம் கொடுத்து ஆள் சேர்க்கும் வழக்கம் நெடுநாளாக அறியப்பட்டது. கொத்தடிமை முறை 1976ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டதாயினும், முன்பணக் கடன் குடும்பங்களைப் பிணித்த செய்திகள் அதன் பின்னரும் வந்தன. கணவன் வாங்கிய முன்பணத்திற்கு மனைவியும் தறியில் நிற்பாளாயின், அவள் தொழில் செய்கின்றாள் என்பது உண்மை. தொழிலால் விடுதலை பெற்றாள் என்பது உண்மையன்று. இரவெல்லாம் தறியோட்டிவிட்டு விடியலில் அடிப்பவன் வீட்டிற்கே திரும்ப வேண்டியவளுக்குத் தறி மற்றொரு தளையாகின்றது. எனவே ‘வேலை கிடைத்தது’ என்னும் ஒரு தொடரால் மீட்சியை அளத்தல் பொருந்தாது. கூலி யார் கையில் விழுகின்றது, கடன் யார் பெயரில் உள்ளது என்பனவும் கேட்கப்படல் வேண்டும்.

இந்நோக்கில் காணின் புதுப்பாளையத்து இராட்டையின் சிறப்புப் புலனாகும். கூலி சிறிதாயினும் நூற்றவள் கையில் விழுந்தது. பிற்காலத்தில் 1989இல் பழைய சேலத்தினின்று பிரிந்த தருமபுரியில் தொடங்கி, பின்னர்ச் சேலத்திற்கும் பரவிய மகளிர் தன்னுதவிக் குழுக்களும் இதே நெறியில் அமைந்தன. சேமிப்பு அவள் பெயரில். கணக்கேடு அவர்கள் கையில். 2021 முதல் தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்டிர் கட்டணமின்றிச் செல்லலாம். வீட்டில் காசு மறுக்கப்பட்டவளுக்கு வேலைக்குச் செல்லும் வழி இதனால் திறக்கின்றது. இதன் பயனைக் கதாசிரியர் எவரேனும் எழுதுதல் வேண்டும்.

மேற்குறித்த 2005ஆம் ஆண்டுச் சட்டம் 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ளது. பெண் தான் வாழ்ந்த வீட்டில் தொடர்ந்து உறைதற்குரிய உரிமையை அதன் 17ஆம் பிரிவு கூறுகின்றது. அதற்கான ஆணையை 19ஆம் பிரிவின்கீழ் நீதிமன்றம் பிறப்பிக்கலாம். 20ஆம் பிரிவு, கொடுமையால் அவள் இழந்த வருவாயையும் ஈடு செய்யத்தக்க இழப்பாக எண்ணுகின்றது. திறனாய்வாளர்க்கு இப்பிரிவு ஒரு பாடம். அடிபட்டவளைச் சட்டம் இங்குப் புண்பட்டவளாக மட்டும் காணாது, ஈட்டுபவளாகவும் காண்கின்றது. அவள் இழந்தவற்றுள் அவளுடைய தொழில்நாட்களும் உண்டு என்பதை அது கணக்கில் கொள்கின்றது. நம் கதைகளுள் பல அக்கணக்கை எழுதவேயில்லை.

ஈண்டு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். கொடுமைக்கு உள்ளானவள் உடனே எழுந்து உழைத்தல் வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. பொன்னா மறுநாளே காட்டிற்குச் சென்றவள் அல்லள். புண் ஆறுதற்குக் காலம் வேண்டும். அக்காலத்தில் உணவும் உறையுளும் பிறர் தருதல் வேண்டும். அதனைத் தாராமல் தொழிலை மட்டும் வற்புறுத்துதல் மற்றொரு கொடுமையாகவே முடியும்.

6. முடிபு

இதுகாறும் கூறியவற்றால், இச்சமவெளியோடு தொடர்புடைய எழுத்தாளர் கதைகளில் இல்லக் கொடுமைக்கு உட்பட்ட பெண்ணின் முடிவு மூன்று நிலைகளில் வளர்ந்து வந்தமை அறியப்படும். பார்வதி திக்கற்றாள், சாவித்திரி செல்வம் பெற்றாள், பொன்னா தொழிலுக்கு மீண்டாள். முதல் முடிவு நம் இரக்கத்தைத் தூண்டியது. இரண்டாவது நம் வியப்பைத் தூண்டியது. மூன்றாவதே, அருகில் உள்ள ஒருத்திக்கு நாம் செய்யத்தக்கது யாது என்று எண்ணவைப்பது. துணை, இடம், அறிந்த தொழில் ஆகிய மூன்றும் புதினம் தந்த விடைகள். கூலி அவள் கையில் சேர்தல் என்னும் நான்காவது, புதுப்பாளையத்து முற்றம் தந்த விடை.

இத்துறையில் ஆய்வு செய்யப் புகும் இளைஞர் இனி ஒரு கதையைப் படிக்குங்கால், அதில் வரும் பெண் எத்துணை அழுதாள் என்பதோடு, அவள் கை என்ன செய்தது, அதன் பயன் யாரைச் சேர்ந்தது என்றும் கேட்பாராக. அங்ஙனம் கேட்பின் இதுவரை காணாத பெண்டிர் பலர் நம் நூல்களிலிருந்து எழுந்து வருவர். ஆடவர் துணையற்ற மகளிர் நூற்ற நூலில் கபிலர் மழையைக் கண்டார். அந்நூலை நூற்ற கையையும் காணுதல் நம் கடன்.